சீட்டில் விழும் நோக்கம்: 'ராவன்லாஃப்ட்' ஆட்டக்களத்தில் கோதிக் மர்மம்

கோதிக் புனைவும் துப்பறியும் புனைவும் உறவுடையவை என்றாலும் இரகசியத்தை அவை கையாளும் முறை வேறு. 1764இல் வெளிவந்த ஹொரேஸ் வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை'யிலிருந்து கிளைத்த கோதிக் மரபில், பாழடைந்த மாளிகையும் முன்னோர் செய்த குற்றமும் அதன் பழியைச் சுமக்கும் வாரிசுகளுமாகப் பின்னப்படும் இரகசியம் வெளிப்பட்ட பிறகும் அச்சம் அடங்குவதில்லை. துப்பறியும் கதையிலோ குற்றவாளி இன்னார் எனத் தெரிந்த கணமே புதிர் தீர்ந்துபோகிறது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக நின்று பேச, ஆட்ட நடத்துநர் ஏனைய உலகத்தை இயக்க, ஐயத்துக்குரிய செயல்களின் விளைவைப் பகடை முடிவு செய்யும் பாத்திரமேற்பு விளையாட்டுக்கு இந்த இரண்டையும் கொண்டுவரும்போது மேலும் ஓர் இடர் சேர்கிறது: விடை அச்சிட்ட நூலிலேயே இருப்பதால் அதைப் படித்தவருக்கோ ஒரு முறை ஆடியவருக்கோ மர்மம் மிஞ்சுவதில்லை.

டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்காக எழுதி 1983இல் வெளிவந்த 'ராவன்லாஃப்ட்' இந்த இடரைக் கடந்த விதமே இங்கு ஆய்வுக்குரியது. பரோவியா என்னும் மலைநாட்டை ஆளும் ஸ்ட்ராட் ஓர் இரத்தக்காட்டேரி என்பதை ஆட்டக்காரர்கள் விரைவிலேயே ஊகித்துவிடுகிறார்கள். அதை மறைக்க நூல் பெரிதாக முயல்வதுமில்லை. 'யார்' என்ற கேள்வியை இப்படிக் கைவிட்டு, 'எங்கே', 'எதற்காக' என்ற கேள்விகளை அது சீட்டுக்கட்டிடம் ஒப்படைக்கிறது. மேடம் ஈவா என்னும் குறிகாரி சீட்டுப் போட்டுக் குறி சொல்லும் காட்சிக்காகச் சாதாரண சீட்டுக்கட்டே மேசையில் எடுக்கப்படுகிறது. காட்டேரியை வெல்லத் தேவையான வாள், புனிதச் சின்னம், அவனது நாட்குறிப்பு ஆகியவற்றின் மறைவிடங்களோடு, இம்முறை அவன் நாடுவது என்ன என்பதும் அதில் விழும் சீட்டுகளைப் பொறுத்தே அமைகிறது.

முன்கூட்டியே விதைக்கப்படாத விடையை மர்மம் என்பது தகுமா என்று துப்பறியும் மரபில் ஊறியவர் கேட்கக்கூடும். ஆனால் சீட்டுகள் விழுந்து நிலைத்த பிறகு விடை நடத்துநரின் விருப்பத்துக்கு வளைவதில்லை. துப்புகள் அதையே சுட்டுகின்றன. ஆகவே புதிரின் நேர்மை குலைவதில்லை. நூலை ஏற்கெனவே படித்தவருக்கும் விடை புதிதாகவே இருக்கிறது.

இதனினும் நுட்பமானது நோக்கத்தின் மாறுதன்மை. தம்பி செர்கெயின் மணமகளான தாத்யானாவின் மீது ஆசைகொண்டு, தம்பியைக் கொன்று, அவளையும் இழந்தவன் ஸ்ட்ராட். அவளைப் போலவே தோன்றும் ஐரீனா என்ற பெண் இப்போது அவன் கண்ணில் படுகிறாள். பழைய குற்றம் ஒன்றே. அதிலிருந்து கிளைக்கும் ஆசை ஓராட்டத்தில் ஐரீனாவின் காதலாகவும், மற்றோராட்டத்தில் வேறொன்றாகவும் அமைகிறது. அவன் தங்கள் அருகே வரும் ஒவ்வொரு முறையும், இந்த மரியாதை எதற்காக, இந்தத் தாக்குதல் எதற்காக என ஆட்டக்காரர்கள் எடைபோட வேண்டியிருப்பதால், துப்புத் தேடல் அறைகளிலிருந்து அவன் மனத்துக்குள் நகர்கிறது. தொடக்கத்திலேயே அதற்கான பயிற்சி தரப்படுகிறது: உதவி கோரி ஊர்த்தலைவர் பெயரில் ஒரு கடிதம் வருகிறது, பின்னர் காட்டில் கிடக்கும் பிணத்திடம் கிடைக்கும் மற்றொரு கடிதமோ உள்ளே வர வேண்டாம் என மன்றாடுகிறது. முதற்கடிதம் போலி எனப் புரிவதற்குள் பரோவியாவைச் சூழ்ந்த நச்சு மூடுபனி திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது.

1990இல் 'ராவன்லாஃப்ட்' தனி ஆட்டக்களமாக விரிந்தபோது மூடுபனி பல சபிக்கப்பட்ட நாடுகளைப் பிரிக்கும் எல்லையாயிற்று. அவற்றின் தலைவர் ஒவ்வொருவருக்கும் தனித்த சாபமும் வரலாறும் நூலிலேயே எழுதப்பட்டன. பரப்பு வளர்ந்தது, ஆனால் இரகசியம் கலைக்களஞ்சியப் பதிவாகச் சுருங்கியது என்றே கொள்ள வேண்டியுள்ளது. 2016இல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' சீட்டுக் குறியை மீட்டு, 54 சீட்டுகள் கொண்ட தரோக்கா கட்டிலிருந்து ஐந்தை எடுக்கச் செய்கிறது. ஐந்தில் மூன்று பொருள்களைச் சுட்டுகின்றன. ஒன்று துணைவரையும் மற்றொன்று ஸ்ட்ராட் இருக்கும் இடத்தையும் காட்டுகின்றன. அவனது நோக்கத்துக்கென இப்போது சீட்டு இல்லை.