முதுகுன்றத்து உழவாரம்

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இன்று நினைவுக்கு வருவது பீங்கான்தான். பியூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலு பொம்மை என்று சிறு சூளைகளில் வெந்து வெளியேறும் சரக்குகளால் ஊர் பெயர் பெற்றது. அதற்கும் வெகு முன்னால் இது திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதரும் பெரியநாயகியும் குடியிருக்கும் தலம். 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கோயிலைக் கற்றளியாக்கினார். இந்தப் பழைய முகத்தை நினைவூட்டுவது தோட்ட வேலை. முதுமையில் அது உடலுக்கும் மனதுக்கும் நல்லது என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள், நல்ல பொழுதுபோக்கு என்ற பெயரில். இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம் அதே வேலையைப் பணி என்று வைத்திருந்தது. முதுமைக்கு உதவுவது பொழுதுபோக்கைவிடப் பணிதான் என்பது என் வாதம்.

தேவாரம் பாடிய அப்பரிடமிருந்து தொடங்குவது நியாயம், ஏனென்றால் அவர் இந்த மண்ணின் மனிதர். பிறந்த திருவாமூர் பண்ணுருட்டிப் பக்கம். சூலமும் இடபமும் தோளில் பொறிக்கப் பெற்றதாகச் சொல்லப்படும் பெண்ணாகடம் விருத்தாசலத்துக்கு அடுத்த ஊர். முதுகுன்றத்துக்கும் அவர் பதிகம் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டுக்காரரான அவர் 81 வயது வரை வாழ்ந்தார் என்பது மரபு. அவரைச் சிலையாக வடித்தவர்கள் கையில் ஏட்டைக் கொடுக்கவில்லை, உழவாரத்தைக் கொடுத்தார்கள். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கி எறியும் கருவி அது. புல் செதுக்குவது தோட்டக்கலை ஆகுமா என்று கேட்கலாம். செடி வளர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கலையில் பாதி களையெடுப்புதான். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில், அப்பர் தம் கடைசிக் காலத்தைத் திருப்புகலூரில் கழிக்கிறார். அப்போதும் உழவாரம் கையில் இருக்கிறது. செதுக்கும் இடத்தில் பொன்னும் மணியும் கிளம்புகின்றன. அவற்றையும் பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வரலாறு படிக்கிறவனுக்கு அதில் வேறொரு செய்தி கிடைக்கிறது: மிக முதிர்ந்த ஒருவரின் நிறைவை எழுத நினைத்த கவிஞருக்கு, கண்மூடி அமர்ந்த கோலத்தைவிட, குனிந்து தரையைச் சுத்தம் செய்யும் கோலம் பொருத்தமாகப் பட்டிருக்கிறது. (இதே முதுகுன்றத்தில் வாங்கிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தவர் சுந்தரர். இருவருக்கும் பொன்னோடு இருந்த உறவு எவ்வளவு வேறு!)

இது அடியார் கதை, ஊர் நடப்பு அல்ல என்ற மறுப்பு வலுவானது. சோழர் காலக் கல்வெட்டுகள் திருநந்தவனங்களைப் பற்றி நிறையப் பேசுகின்றன. ஆனால் அவை பேசுவது நிலக்கொடை, தோட்டம் காப்பவர்களுக்கு நெல், துணிக்கான புடவைமுதல் என்ற கணக்கு வழக்கு. அங்கே வேலை செய்தவர்கள் கூலிக்கு உழைத்த குடிகள். அவர்கள் மகிழ்ந்து செய்தார்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். ஆனால் அதே நந்தவனப் பணியை ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருமலையில் இராமானுசரின் சீடர் அனந்தாழ்வானும் விரும்பி ஏற்றார்கள், கூலியில்லாமல். கூலிக்காரருக்கும் அடியாருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று: வேலையின் நேரத்தைத் தோட்டம் வைத்திருப்பவர் முடிவு செய்யவில்லை, பூசை முடிவு செய்தது. காலசந்திக்கு மாலை வேண்டும் என்றால் விடியுமுன் அரும்பு பறித்தாக வேண்டும். மனம் சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று நந்தியாவட்டையிடம் சொல்ல முடியாது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பது இளைஞர் வேலை. பூப்பறிப்பது, தொடுப்பது, களை பிடுங்குவது போன்றவை தோள் தளர்ந்த பின்னும் கை செய்யக்கூடியவை. உடல் குறையக் குறைய, ஆளை வெளியேற்றாமல் வேறு வேலைக்கு நகர்த்தும் வசதி தோட்டத்தில் இருக்கிறது. சூளைத் தொழிலில் அந்த வசதி குறைவு.

நவீன ஆய்வும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் நடத்திய சோதனை 1976-இல் வெளியானது. இரு பிரிவினருக்கும் செடி கொடுத்தார்கள். ஒரு பிரிவிடம், தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு என்றார்கள். மற்றதில் செவிலியர் பார்த்துக்கொண்டார்கள். பொறுப்பேற்றவர்கள் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். 18 மாதங்களுக்குப் பிறகு அந்தப் பிரிவில் இறந்தவர்கள் 15 சதவீதம், மற்றதில் 30. இந்தக் கடைசி எண்ணை அளவுக்கு மேல் நம்பக்கூடாது: ஆட்கள் மொத்தம் நூறுகூட இல்லை, புள்ளியியல் கணக்கில் பிழை இருந்ததாக ஆய்வாளர்களே பிறகு திருத்தம் வெளியிட்டார்கள், செடியோடு வேறு சில முடிவுகளையும் அந்தப் பிரிவினர் கையில் விட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் 60 வயது கடந்த சுமார் 2,800 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தினமும் தோட்ட வேலை செய்தவர்களுக்கு மறதி நோய் 36 சதவீதம் குறைவாக வந்தது. நல்ல உடல்நிலை உள்ளவர்கள்தானே தோட்டத்துக்குப் போவார்கள் என்று இங்கே ஒருவர் இடைமறிக்கலாம். அந்தச் சந்தேகத்தை முழுவதும் நீக்க முடியாது. ஆனாலும் கனெக்டிகட் சோதனையின் அமைப்பு ஒன்றைச் சொல்கிறது. செடி இரு பக்கமும் இருந்தது. மாறியது, அது யாரை நம்பி இருந்தது என்பதுதான்.

பொறுப்புதான் முக்கியமானால், தோட்டத்துக்கு இடமில்லாதது ஒரு தடையே இல்லையா என்றால், ஓரளவு தடைதான். எல்லோர் வீட்டிலும் கொல்லை இல்லை, எல்லோருக்கும் முழங்கால் மடங்குவதில்லை. அவர்களுக்குத் தொட்டி இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு மண்பாண்டத்தின் குணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: மெருகு பூசாத தொட்டி காற்றை விடும், சீக்கிரம் காயும், மெருகு பூசியது ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆகவே அடியில் துளை இருந்தே தீர வேண்டும். தண்ணீர் தூக்க முடியாதவருக்கு இரண்டாவது நல்லது, இடுப்பு உயரத் திண்ணையில் வைத்தால் குனியவும் வேண்டாம். மரம் வைக்க இடம் உள்ளவர்களும், நான் பார்ப்பதற்குள் காய்க்குமா என்று தயங்க வேண்டியதில்லை. இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. முந்திரி ரகங்களின் ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டிலேயே காய்ப்புக்கு வரும். கடினமான கேள்வி வேறு. பொறுப்புதான் மருந்து என்றால், அதுவே சுமையாகாதா? காய்ச்சலில் படுத்த நாளில் வாடும் செடி குற்ற உணர்வைத்தானே தரும்? தனியாக வைத்த தோட்டத்தில் தரும். நந்தவனம் தனியாள் சொத்தாக இருந்ததில்லை. ஒருவர் வராத நாளில் இன்னொருவர் பறிக்கலாம், மாலை நிற்க வேண்டியதில்லை. உழவாரப்பணிக் குழுக்கள் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கோயிலாகப் போவதும் கூட்டமாகத்தான். ஆகவே ஓய்வு பெற்றவருக்குத் தொட்டி வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள், அந்தப் பூ காலையில் எந்தக் கோயிலுக்கோ எந்தப் பக்கத்து வீட்டுக்கோ போக வேண்டும் என்பதையும், அவர் படுத்தால் யார் பறிப்பார் என்பதையும் சேர்த்தே பேசி வைப்பது நல்லது.