இணையதளத்தின் சாவி யார் கையில்? தனியாகத் தளம் அமைத்துத் தருவோர் கவனத்திற்கு

நமக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் ஒன்றின் இணையதளம், மாணவர் சேர்க்கை நடந்துகொண்டிருந்த நேரத்தில் திடீரெனத் திறக்காமல் போனது. விசாரித்தபோது, டொமைன் பெயருக்கான ஆண்டுக் கட்டணம் கட்டப்படவில்லை என்று தெரிந்தது. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் எல்லாம், தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞரின் பழைய முகவரிக்கே போயிருந்தன. அவரோ வேலை கிடைத்து வளைகுடா சென்றுவிட்டார். கைப்பேசி எண்ணும் மாறிவிட்டது.

அந்த இளைஞர் யாரையும் ஏமாற்றவில்லை. தளத்தை அமைப்பது எப்படி என்று கற்றவருக்கு, அதை ஒப்படைப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டு வாங்க வேண்டும் என்று பள்ளி நிர்வாகத்துக்கும் தெரியவில்லை. ஃப்ரீலான்ஸ் முறையில் இணையதளம் அமைப்பதைத் தொழிலாக எடுத்திருக்கும் நம் பிள்ளைகள் இன்று ஏராளம். அவர்களும், அவர்களிடம் வேலை கொடுப்போரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. டொமைன் உரியவர் பெயரில் இருக்கட்டும்

டொமைன் பெயரை யாரும் நிரந்தரமாக வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் பதிவு செய்துகொள்கிறோம், அவ்வளவுதான். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். டாட் காம் பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாட்கள் வரை புதுப்பிக்க அவகாசம் கிடைக்கலாம். எல்லா நிறுவனமும் அவ்வளவு நாள் தரும் என்று நம்பி இருக்கக் கூடாது. அதன்பின் 30 நாட்கள் மீட்புக் காலம். இதில் கூடுதல் கட்டணம் உண்டு. அதுவும் கடந்தால் 5 நாட்களில் பெயர் நீக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்துவிடும்.

எனவே பதிவுக் கணக்கை வாடிக்கையாளரின் பெயரிலும், அவர்களுடைய நிறுவனத்தின் பொது மின்னஞ்சலிலும் தொடங்க வேண்டும். வேலை செய்ய நமக்கு அனுமதி இருந்தால் போதும், உரிமை தேவையில்லை.

2. தேவைக்கு ஏற்ற கட்டமைப்பு

எல்லாவற்றுக்கும் வேர்ட்பிரஸ் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே மாறும் ஐந்து பக்கத் தளத்துக்குச் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களே போதும். அதில் உடைத்துப் புகுவதற்கான வழிகளும் குறைவு. அடிக்கடி செய்தி, படம் ஏற்ற வேண்டியவர்களுக்கு வேர்ட்பிரஸ் பொருந்தும்.

தமிழ்த் தளமாக இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து தரப்படும் செய்திகளை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், தேடுபொறியிலும் அகப்படாது.

3. பாதுகாப்பு அன்றாட வேலை

2017 ஜனவரி 26 அன்று வேர்ட்பிரஸ் 4.7.2 பதிப்பு வெளியானது. அதற்கு முந்தைய 4.7, 4.7.1 பதிப்புகளில், கடவுச்சொல் இல்லாமலேயே பிறர் பதிவுகளைத் திருத்த முடிகிற ஓட்டை இருந்தது. அந்த விவரம் பிப்ரவரி 1 அன்று வெளியிடப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே, புதுப்பிக்காமல் விட்டிருந்த தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. புதுப்பித்தவர்கள் தப்பினார்கள்.

• மென்பொருள், தீம், பிளகின் மூன்றையும் உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும். பயன்படுத்தாதவற்றை அழித்துவிட வேண்டும்.
• கட்டணத் தீம்களின் திருட்டுப் பிரதிகளைத் தொடவே கூடாது. பலவற்றில் பின்வாசல் வைத்தே தருகிறார்கள்.
• ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, நீண்ட கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு அவசியம்.
• லெட்ஸ் என்கிரிப்ட் மூலம் 2015 முதல் எஸ்எஸ்எல் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. அது தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிட வேண்டும். ஆனால் இது பார்வையாளருக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலைத்தான் காக்கும். தளத்துக்குள் யாரும் நுழைவதைத் தடுக்காது.

தளம் தாக்கப்பட்டால், சிதைந்த பக்கத்தை மட்டும் அழித்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. தளத்தைத் தற்காலிகமாக மூடி, ஹோஸ்டிங், தரவுத்தளம், நிர்வாகி ஆகிய எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். அறிமுகமில்லாத பயனர் கணக்குகளை நீக்க வேண்டும். தாக்குதலுக்கு முந்தைய நல்ல பிரதியிலிருந்து மீட்டு, அனைத்தையும் புதுப்பித்த பிறகே திறக்க வேண்டும். கூகுள் எச்சரிக்கை காட்டினால், சர்ச் கன்சோல் வழியாக மறுபரிசீலனை கோரலாம்.

4. காப்புப் பிரதி வேறு இடத்தில்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்தது. காப்புப் பிரதியையும் அங்கேயே வைத்திருந்த சிலர் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புகளில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பதே நல்ல வழக்கம். கோப்புகளோடு தரவுத்தளத்தையும் எடுக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து தளத்தை மீட்டுப் பார்ப்பது நல்லது. மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

5. எழுத்தில் ஒப்பந்தம்

எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். தளம் அமைக்கும் கூலி வேறு, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வேறு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிற்காலத்து மனக்கசப்புகளில் பாதி இங்கிருந்துதான் வருகின்றன.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 இன்படி, சம்பள ஊழியராக இல்லாத ஒருவர் எழுதிய நிரலின் முதல் உரிமையாளர் பொதுவாக எழுதியவரே. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று சட்டம் கொள்ளும். இதை அறிந்து எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

6. ஒப்படைப்பு

வேலை முடிந்ததும் டொமைன், ஹோஸ்டிங், நிர்வாகிக் கணக்கு விவரங்கள், புதுப்பிக்க வேண்டிய தேதிகள், காப்புப் பிரதி இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடவுச்சொற்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடக் கூடாது. பெற்றுக்கொண்டவர்கள் உடனே அவற்றை மாற்றிவிட வேண்டும்.

அந்தப் பள்ளி, இளைஞரின் உறவினர் வழியாக அவரைத் தேடிப் பிடித்து, மீட்புக் காலம் முடியும் முன் கட்டணம் செலுத்திப் பெயரைத் திரும்பப் பெற்றது. அதற்குள் சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது. பிறருடைய தளம் நம் கையில் இருக்கும் அமானிதம். திருப்பிக் கொடுக்கும் நாளை மனதில் வைத்தே முதல் நாள் வேலையைத் தொடங்குவோம்.