நீல நூல்

1938 டிசம்பர் 22. ரியோ டி ஜெனிரோவில் கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருந்தது. அன்றிரவு, தான் வேலை பார்த்த வீட்டின் கொல்லைப்புறத்தில் ஏழு தேவதூதர்கள் இறங்கி வந்ததைக் கண்டார் ஆர்துர் பிஸ்போ டோ ரொசாரியோ. அங்கிருந்து கிளம்பியவர் ஒவ்வொரு தேவாலயமாக ஏறி இறங்கி, கடைசியில் சாவ் பென்டோ மடத்துக்குப் போனார். உயிரோடிருப்போரையும் இறந்தோரையும் நியாயந்தீர்க்கத் தான் வந்திருப்பதாகத் துறவிகளிடம் சொன்னார். அவர்கள் ஆளனுப்பினார்கள், மனநல விடுதிக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர்கள் மனச்சிதைவு என்று எழுதினார்கள்.

வடகிழக்கு பிரேசிலில் செர்ஜிப்பி மாநிலத்து ஜபரதூபா அவர் ஊர். கறுப்பினத்தவர், ஏழை. கடற்படையில் மாலுமியாக இருந்தார், குத்துச்சண்டை போட்டார், பிறகு டிராம் கம்பெனியில் வேலை. 1939 தொடக்கத்தில் ரியோவின் ஜகரேபகுவா பகுதியில் இருந்த ஜூலியானோ மொரேய்ரா விடுதிக்கு மாற்றினார்கள். கேட்க ஆளில்லாதவர்களைக் கொண்டுவந்து தள்ளிய இடம் அது. நடுவே சிலமுறை வெளியே வந்தாலும், 1964-க்குப் பிறகு சாகும்வரை அங்கேதான்.

பூமியில் உள்ள எல்லாவற்றையும் செய்துவை என்று குரல்கள் அவருக்குக் கட்டளையிட்டன. கடவுளிடம் கணக்குக் காட்ட வேண்டுமே! ஆனால் கையில் என்ன இருக்கிறது? நோயாளிகளுக்குக் கொடுத்த நீலச் சீருடை இருந்தது. அதையே இழை இழையாக உருவி நூலாக்கினார். பழைய போர்வையும் படுக்கை விரிப்பும் துணியாயின. ஆளுக்கு ஆள் வேற்றுமை தெரியாமல் போட்டுவிட்ட அந்த உடுப்பைப் பிரித்து, அதே நூலால் மனிதர்களின் பெயர்களைத் தைத்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

கப்பல்கள், கொடிகள், கட்டங்கட்டமான பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் துணியில் எழுந்தன. கத்தரி, சுத்தியல் போன்ற சாமான்களின் உருவங்களுக்கு நீல நூலை நெருக்கமாகச் சுற்றினார். விடுதியின் தகரக் குவளைகளையும் கரண்டிகளையும் பலகையில் வரிசையாகக் கட்டினார். இப்படி அவர் செய்த படைப்புகள் மொத்தம் 800-க்கு மேல். அறைக்கு வருகிறவரிடம் தன்னைச் சுற்றி என்ன நிறத்தில் ஒளி தெரிகிறது என்று கேட்பார். பதில் மனதுக்குப் பிடித்தால்தான் உள்ளே விடுவார்.

நோய்தான் அவரைக் கலைஞராக்கியது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. கடற்படை தந்த கப்பல்களும் கொடிகளும் அவர் படைப்புகளில் உண்டு. ஊர்த் திருவிழாக்களில் பார்த்த பூவேலை உடுப்புகளும் உண்டு. நோய் அவரைத் தூங்கவிடவில்லை. அந்தக் கைகள் அதற்கு முன்பே நிறைய அறிந்திருந்தன. அவரோ தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதே இல்லை.

1982-இல் ரியோவின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சில துணிகள் காட்சிக்குப் போயின. அவற்றைப் பிரிவது அவருக்குப் பெரும் வேதனை. 1989 ஜூலையில் இறந்தார். ஆறே ஆண்டில், 1995-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரேசிலின் சார்பில் அவர் படைப்புகள் நின்றன.

எல்லாவற்றிலும் பெரிய வேலை ஓர் அங்கி. வெளிப்புறமெல்லாம் உருவங்களும் எண்களும், கயிறுகளும் குஞ்சங்களும். உட்புறத்தில், உடம்போடு ஒட்டும் பக்கத்தில், தன்னோடு சொர்க்கத்துக்கு அழைத்துப்போக எண்ணியவர்களின் பெயர்கள். கடவுள் முன்னால் நிற்கும் நாளில் அணிவதற்கென்று ஆண்டுக்கணக்கில் தைத்தது. அவரைப் புதைத்தபோது அது உடன் போகவில்லை. அதே விடுதி வளாகத்தில் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அருங்காட்சியகத்தின் சொத்தாக இருக்கிறது.