கரண்ட் இல்லாத ஊருக்கு வந்த குவேக்

1993 டிசம்பர் 10ஆம் திகதி அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் 'டூம்' என்ற விளையாட்டு ஏற்றப்பட்டது. சுடும் விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாளைத் தொடாமல் போவதில்லை. அன்றைக்குக் கிளிநொச்சியில் கரண்ட் இல்லை. முல்லைத்தீவிலும் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னர்தான் பூநகரிப் படைமுகாமில் பெரும் சண்டை நடந்து முடிந்திருந்தது. சுடும் சத்தத்துக்கு இந்த இரண்டு ஊர்களும் அடங்கிய வன்னியில் பஞ்சமில்லை. அதைக் கேட்கத் திரையும் தேவைப்படவில்லை.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டபின் வடக்குக்கு வந்த மின்சாரம் நின்றுபோனது. கூடவே பொருளாதாரத் தடை. பெற்றோல், சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. அத்தோடு றேடியோவும் ரேப் ரெக்கோடரும் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சைக்கிள் டைனமோ இருந்தது.

பின்சில்லு நிலத்தில் படாதபடி சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவின் தலை ரயரில் உரசும்படி விட்டு, ஒருவர் பெடலைச் சுற்றினால் 6 வோல்ற் கிடைக்கும். ஒன்றரை வோல்ற் பற்றரி நான்கு போடுகிற ரேப் ரெக்கோடருக்கு அது அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. ஒரு சிக்கல்: பற்றரி தருவது நேரோட்டம், டைனமோ தருவது ஆடலோட்டம். இடையில் நாலு டயோட்டைப் பற்றவைக்கத் தெரிந்த றேடியோ திருத்துநருக்கு ஊரில் நல்ல மதிப்பு. ஒரு கொள்ளளவியும் சேர்த்தால் பாட்டுக்குப் பின்னால் கேட்கும் இரைச்சல் அடங்கும். மிதிக்கிறவர் களைத்தால் எஸ். ஜானகியின் குரல் மெல்ல மெல்ல ஆண்குரலாகும். அதற்குச் சிரிக்கலாம். பிபிசி தமிழோசையில் செய்தி போகும்போது களைத்தால்தான் ஏச்சு விழும்.

வசதி கொஞ்சம் கூடின இடத்தில், கலியாணவீடு, சாமத்தியவீடு என்றால் ஜெனரேற்றர், ரீவீ, டெக் மூன்றும் ஓரிரவு வாடகைக்கு வரும். விடிய விடிய படம் ஓடும். மண்ணெண்ணெய் தீர்ந்தால் கதாநாயகன் பாதிச் சண்டையில் நிற்பான்.

சீடி என்ற பொருள் இந்த ஊருக்குள் தாராளமாக வந்தது 2002இல். பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை, ஏப்ரலில் வன்னியைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறப்பு. கொழும்புச் சாமான்கள் லொறி லொறியாக வந்தன. கிளிநொச்சியில் கணினிப் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. பகலில் தட்டச்சு, வேர்ட், எக்செல். கணினி இருக்கிற இடத்தில் விளையாட்டும் இருக்கும் என்பது எந்த ஊருக்கும் பொதுவிதி.

அந்தக் காலத்தில் தெற்காசியக் கணினிக் கடைகளில் கொடிகட்டிப் பறந்த சுடும் விளையாட்டு 'புரொஜெக்ட் ஐ.ஜி.ஐ.'. 2000 டிசம்பரில் வெளியானது. செய்தவர்கள் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் இருந்த இன்னர்லூப் ஸ்ரூடியோஸ். சமாதானத்துக்கு அனுசரணை செய்ய எரிக் சொல்ஹெய்ம் வந்துபோனதும் அதே நோர்வேயிலிருந்துதான். ஐரோப்பாவின் வடக்கு மூலையில் உள்ள அந்தச் சின்ன நாட்டுக்கு அப்போது தெற்காசியாவில் இரண்டு முகங்கள் இருந்தன. இரண்டையும் யாரும் சேர்த்துப் பேசியதாகத் தெரியவில்லை.

ஐ.ஜி.ஐ.யில் ஒரு கொடுமை உண்டு. நடுவழியில் சேமித்துவைக்க முடியாது. முகாமுக்குள் நுழைந்து, கமராவைத் தவிர்த்து, காவல்காரர்களைத் தாண்டி, கடைசி வாசலில் செத்தால் தொடக்கத்திலிருந்து வரவேண்டும். ஒஸ்லோவில் இருப்பவருக்கு அது சவால். ஜெனரேற்றரில் கணினி ஓட்டுகிறவருக்கு எதிரியின் குண்டு ஒருபக்கம், எண்ணெய்த் தாங்கி மறுபக்கம்.

இசையின் கதை இன்னும் விசித்திரமானது. டூமுக்கு பொபி பிரின்ஸ் எழுதியது மிடி இசை. கோப்பில் இருப்பது ஒலி அல்ல, எந்தச் சுரத்தை எந்த வாத்தியத்தில் எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. வாசிப்பது கணினியின் ஒலி அட்டை. மலிவான அட்டையில் தகரச் சத்தம், விலைகூடிய ரோலண்டில் முழு றொக் இசைக்குழு. ஆகவே 'ஒரிஜினல் டூம் இசை' என்று ரசிகர்கள் சண்டைபிடிக்கும்போது ஒவ்வொருவரும் தம் வீட்டு அட்டையைத்தான் சொல்கிறார்கள்.

1996இல் வந்த 'குவேக்' இதற்கு நேரெதிர். ட்ரென்ட் ரெஸ்னர் அமைத்த இசை, விளையாட்டு இருந்த அதே தட்டில் சாதாரணப் பாட்டுச் சீடியைப்போலத் தடம்தடமாகப் பதிந்திருந்தது. சீடி செருகியிலிருந்து ஒலி அட்டைக்கு ஒரு மெல்லிய வயர் போகும். பாட்டு அதன் வழியே வரும். விளையாட்டை மட்டும் ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்தால் சுடலாம், ஓடலாம், பாட்டு வராது. பிரதிச் சீடிகளில் வந்த பல விளையாட்டுகளுக்கு இந்தக் கதிதான். இடம் மிச்சம் பிடிக்க முதலில் வெட்டுவது இசையையும் இடையில் வரும் படக்காட்சிகளையும். வன்னிக்கு மட்டுமல்ல, சென்னை ரிச்சி தெருவுக்கும் கொழும்பு யூனிட்டி பிளாசாவுக்கும் அது பொருந்தும். ஆனால் அங்கே தேடினால் முழுத் தட்டும் கிடைத்திருக்கும்.

2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டது. 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன சனம் முதலில் ரீவீயை விட்டது, பிறகு சைக்கிளை, பிறகு உடுப்புப் பையை. கசற் பெட்டியும் கணினியும் எந்த இடத்தில் விடப்பட்டன என்று கணக்கெடுக்க அப்போது யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

போருக்குப் பின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு உயரழுத்த மின்கம்பி வந்தது. 2013 செப்ரெம்பரில் ரயிலும் வந்தது. அடுத்த ஆண்டே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் தொடங்கியது. 2021 ஓகஸ்டில், வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமான அதே மாதத்தில், குவேக் புதுப்பொலிவோடு மறுபடி வெளியானது. நைற்டைவ் ஸ்ரூடியோஸ் படத்தைத் துலக்கியதோடு, முந்தைய இணையப் பதிப்பில் காணாமற்போயிருந்த ரெஸ்னரின் இசையையும் திரும்பச் சேர்த்தது. 2024இல் அதே நிறுவனத்தின் கைபட்டு டூமும் வந்தது. அதில் பொபி பிரின்ஸின் பழைய இசையையோ அன்ட்ரூ ஹல்ஷல்ற் கிற்றாரில் மறுபடி வாசித்ததையோ விரும்பியதைத் தெரிவுசெய்யலாம்.

மேலை நாட்டு ரசிகருக்கு இது சிறுவயதில் கேட்ட சத்தம் தெளிவாகத் திரும்பிவருவது. பிரதிச் சீடியில் விளையாடிப் பழகியவருக்கோ அது முதன்முறை கேட்கும் சத்தம். முப்பது வருஷத்துப் பழசு என்று உலகம் கொண்டாடுவது ஏ9க்கு இருமருங்கிலும் புதுப்பாட்டு. இதை ஏக்கம் என்று எழுதுவது சரியாகப் படவில்லை. பாக்கி வசூல் என்றால் பொருந்தும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒன்றை மீள்மெருகேற்ற மூலப்பதிவு பத்திரமாக இருக்கவேண்டும். டூம், குவேக் இரண்டின் மூலநிரலையும் அவற்றைச் செய்தவர்களே 1990களில் பொதுவுக்குத் திறந்துவிட்டார்கள். அதனால் அவை சாகாமல் இருக்கின்றன. இன்னர்லூப் 2003இல் மூடப்பட்டது. ஐ.ஜி.ஐ.க்கு அப்படியொரு புதுப்பிறப்பு இன்னும் வாய்க்கவில்லை. பழைய தட்டைப் புதிய விண்டோஸில் ஓடவைக்க ரசிகர்கள்தான் மல்லுக்கட்டுகிறார்கள். டைனமோ காலத்தில் வன்னி வீடுகளில் கசற்றில் பதிந்த குரல்களுக்கோ தட்டும் இல்லை, நிரலும் இல்லை. வெளிநாட்டு உறவுகளுக்கு அப்போதே அனுப்பப்பட்ட கசற்றுகள் எங்காவது மிஞ்சியிருந்தால் உண்டு.

இப்போதைய பெடியன்களின் கையில் போன். பப்ஜி, ஃப்ரீ ஃபயர். மின்சாரமும் டேட்டாவும் உண்டு, இசையும் முழுதாக வருகிறது. விளையாட்டு தொடங்கியதும் அவர்கள் முதலில் செய்வது அந்த இசையை நிறுத்துவது. பின்னால் வருகிறவனின் காலடி கேட்கவேண்டுமாம்.