அழிக்காமல் விட்ட விதி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1978 கையேட்டில் மனித ஆண் வீரனின் உடல்வலு 18/00 வரை போகலாம். பெண்ணுக்கு 18/50தான் உச்சம். டிராகன் பறக்கும் உலகில் இந்தக் கணக்கு மட்டும் பிசகக் கூடாதாம்!

எமிலி கேர் பாஸின் ‘பிரேக்கிங் தி ஐஸ்’ (2005) விளையாட்டுக்கு இருவர் போதும். கதையை நடத்தும் தலைவர் கிடையாது.

அந்தத் துணிச்சலில் நானும் ஒரு பக்க விளையாட்டு எழுதினேன், விதிகளையெல்லாம் அடித்தேன். முதல் ஆட்டத்தில் உரக்கப் பேசியவரே கதை முழுவதையும் எடுத்துக்கொண்டார். என் தோழி இரண்டு வாக்கியம்தான் பேசினாள். ஒரு விதியைத் திரும்பச் சேர்த்தேன்: உன் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை நீ மட்டுமே சொல்லலாம்.

அடுத்த வாரம் அவளுடைய கிழவி கோட்டைக் கதவைத் திறக்க மறுத்தாள். நாங்கள் வெளியே நின்றோம்.