வெனிஸின் சிங்க வாய்கள்

அக்கம்பக்கத்தார் மீது கோள் சொல்வதை அரசு அலுவலாகவே ஆக்கிய நகரம் வெனிஸ். 1310-இல் பஜமோந்தே தியெப்போலோ என்ற பிரபு ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றார். அந்தச் சதியை விசாரிக்கத் தற்காலிகமாக அமைக்கப்பட்ட பதின்மர் குழு, 1335-இல் நிரந்தரமாகிவிட்டது. வெனிஸ் குடியரசுக்கு எதிராக எந்த வீட்டில் என்ன பேசப்படுகிறது என்பதை அறிய அதற்கு ஊர்வாய் தேவைப்பட்டது.

அதற்கென்றே பிற்காலத்தில் சுவர்களில் கல் முகங்கள் பதிக்கப்பட்டன. சில சிங்க முகங்கள், சில கடுகடுத்த மனித முகங்கள்; எல்லாவற்றுக்கும் 'சிங்க வாய்' என்றே பெயர். வாய்க்குள் போட்ட கடிதம் சுவரின் மறுபுறம் பூட்டிக் கிடக்கும் பெட்டியில் விழும். புகாருக்கேற்ற வாயும் உண்டு. வரி ஏய்ப்புக்கு ஒன்று, தெய்வநிந்தனைக்கு வேறொன்று. சாட்டெரே கரையிலுள்ள தேவாலயச் சுவரில் இருப்பது சுகாதாரக் குற்றங்களுக்கானது. கொள்ளைநோய் திரும்பத் திரும்பத் தாக்கிய துறைமுகத்தில், நோயை மறைத்தவரைக் காட்டிக்கொடுப்பது ஊரைக் காக்கும் செயலாகவும் இருந்தது. அதே வாயில் பழைய பகையையும் தொழில் போட்டியையும் எழுதிப் போட முடிந்ததுதான் கொடுமை.

இந்த ஆபத்தை ஆட்சியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். மொட்டைக் கடிதங்களை எரித்துவிட வேண்டும் என்று பதின்மர் குழு 1387-லேயே ஆணையிட்டது. பின்னாளில், நாட்டின் பாதுகாப்பைத் தொடும் செய்தி என்று குழுவில் பெருவாரியானோர் வாக்களித்தால் மட்டும் அவற்றை விசாரிக்கலாம் என்று விதி தளர்ந்தது. கையெழுத்தும் சாட்சியும் உள்ள புகாருக்கே மதிப்பு அதிகம்.

பெட்டியோடு நில்லாமல், கூலிக்கு உளவு சொல்வோரையும் அரசு வைத்திருந்தது. விதிகளின் காவல் அங்கே எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அந்தோனியோ ஃபோஸ்கரினியின் கதையே சாட்சி. இங்கிலாந்தில் தூதராக இருந்த அவர், அயல்நாட்டார்க்கு இரகசியங்களை விற்றதாக உளவாளிகள் சொன்னார்கள். 1622 ஏப்ரலில் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். உடலை ஒற்றைக் காலில் கட்டி மக்கள் பார்க்கத் தொங்கவிட்டார்கள். சில மாதங்களில் உளவாளிகளின் பொய் வெளிப்பட்டு, அவர்களுக்கும் மரண தண்டனை கிடைத்தது. 1623 ஜனவரியில் ஃபோஸ்கரினி குற்றமற்றவர் என்று பதின்மர் குழுவே அறிவித்தது. தன் தவற்றை ஓர் அரசு இப்படி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அந்தக் காலத்தில் அரிது. ஆனாலும் உளவும் புகார்ப் பெட்டியும் தொடர்ந்தன.

1797-இல் நெப்போலியனின் படைக்குப் பணிந்து குடியரசு வீழ்ந்தபோது, பதின்மர் குழுவும் முடிவுக்கு வந்தது. சிங்க முகங்கள் பலவும் உடைக்கப்பட்டன. எஞ்சிய சில, குடியரசின் தலைவரான டோஜேயின் மாளிகையிலும் தேவாலயச் சுவர்களிலும் இன்றும் இருக்கின்றன.