திறமூலத் தரவுத்தளங்கள்: நம்பகத்தன்மையும் பொருத்தமும்

‘பதிந்தாயிற்று’ என்று தரவுத்தளம் சொன்ன அடுத்த கணமே மின்சாரம் போனாலும் அந்தத் தரவு திரும்பக் கிடைக்க வேண்டும். நம்பகத்தன்மையின் முதல் அளவுகோல் இதுதான். திறமூல மென்பொருள்களில் பரவலாகப் புழங்கும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் மூன்றும் இன்று இதில் தேறுகின்றன. ஆனால் தேறிய காலமும் விதமும் வேறு வேறு.

1995இல் சுவீடனில் தோன்றிய மைஎஸ்கியூஎல் வேகத்துக்குப் பெயர்பெற்றது. அதன் பழைய சேமிப்புப் பொறியான மைஐசாமில் பரிவர்த்தனை வசதி, அதாவது ஒரு தொகுதி மாற்றங்களை முழுதாகச் செய்வது அல்லது முழுதாகக் கைவிடுவது, கிடையாது. எழுதும்போது சர்வர் விழுந்தால் அட்டவணையே பழுதாகலாம். ஹெய்க்கி தூரி உருவாக்கிய இன்னோடிபி இக்குறையைத் தீர்த்தது. எனினும் 2010இல் வந்த 5.5 பதிப்பில்தான் அது இயல்புப் பொறியானது. புலத்தில் அடங்காத சொல்லை வெட்டிச் சேமித்துவிட்டு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும் தாராளம் 2015இன் 5.7 பதிப்பில்தான் இயல்பமைப்பிலிருந்து ஒழிந்தது. ‘மைஎஸ்கியூஎல்லை நம்ப முடியாது’ என்ற பேச்சு அந்தக் காலத்து எச்சம். 2010இல் அது ஆரக்கிள் வசம் போனது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009இலேயே மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கியிருந்தார்.

போஸ்ட்கிரெஸ், 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. மாற்றத்தை முதலில் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதன்பிறகே தரவுக் கோப்பில் எழுதும் முறை 2001இல் அதில் சேர்ந்தது. கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன இதற்கும் 2018இல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. தரவை வட்டில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு ஒருமுறை தோற்றால், லினக்ஸ் கெர்னல் அந்தப் பக்கங்களை எழுதி முடித்தவையாகவே குறித்துவிடுகிறது. மறுபடி கேட்டால் ‘வெற்றி’ என்கிறது. போஸ்ட்கிரெஸ் பல ஆண்டுகளாக அந்த இரண்டாம் பதிலை நம்பிவந்தது. 2019 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பின், முதல் தோல்வியிலேயே நின்றுவிட்டுப் பதிவேட்டிலிருந்து மீண்டெழுகிறது.

ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்கியூலைட்டுக்குச் சர்வரே கிடையாது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அதன் சோதனை நிரல், மூல நிரலைப்போல் ஏறத்தாழ 590 மடங்கு. கைபேசிச் செயலிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். கோப்பைப் பிணைய வட்டில் வைப்பதும் ஆபத்து.

சிக்கலான வினவலும் கண்டிப்பான கணக்கும் வேண்டிய இடத்துக்கு போஸ்ட்கிரெஸ் ஏற்றது. ஒரே வரிசையை ஓயாமல் திருத்தும் பணியில் அதற்குச் சுமை கூடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய வரிசை எழுதப்படும், பல நேரங்களில் எல்லா இண்டெக்ஸ்களும் சேர்ந்து மாறும். ஊபர் மைஎஸ்கியூஎல்லுக்கு மாறியதற்கு 2016இல் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

மென்பொருள் சரியாக இருந்தும் தரவு போவதுண்டு. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமிக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், பதிலிச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் போஸ்ட்கிரெஸ் கோப்புறையை அழித்துவிட்டார். பதிப்பு பொருந்தாததால் அன்றாடக் காப்பு நகல்கள் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தன. ஆறு மணிநேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்துவைத்த வட்டுப் படிமத்திலிருந்தே தளம் மீட்கப்பட்டது.